நெடி வராத ஊர்

"மதினி, கையை எடுங்க!"

தமயந்தி கையிலிருந்த காப்பித் தம்ளரை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அடுப்பில் எண்ணெய் கொதித்துப் புகைந்துகொண்டிருந்தது. அதற்குள் விரல்களை விட்டு, சிவந்த வடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள் அவளுடைய அண்ணன் மனைவி புஷ்பகனி. ஜல்லிக்கரண்டி பக்கத்திலேயே கிடந்தது.

தமயந்தி அவள் தோளைப் பிடித்து இழுத்துக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தக் கையைப் பிடித்து நீட்டினாள். விரல் நுனிகளில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. உள்ளங்கையில் கொப்புளங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழும்பின.

"இப்ப என்னத்துக்கு இந்தக் கத்து கத்துற?" என்றாள் புஷ்பகனி. "மூணு மாசம் கழிச்சு நேத்துத்தான் ஊருக்கு வந்திருக்க. பேசாம உக்காந்து காப்பி குடிக்க மாட்டாம..."

அவள் முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை. புருவம்கூடச் சுருங்கவில்லை.

"மதினி... சுடலையா?"

"எதுக்குச் சுடணும்? இப்பல்லாம் யாருக்குத்தான் சுடுது? உங்கண்ணன் கடையில தோசைத்திருப்பியத் தொட்டே ஒரு மாசமாச்சு. புரோட்டாவ எண்ணெயிலயிருந்து கையாலயே அள்ளுறாரு. கை கொப்புளிச்சா மஞ்சளத் தடவிக்கிறாரு, அம்புட்டுத்தான். அதப் பாக்கவே கூட்டம் வருது."

கொதிக்கும் எண்ணெய் சுடாமல் போக உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியைப் பழுதில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் அவளுடைய உத்தியோகம்.

கரிசல்பேட்டை மிளகாய் ஊர். ஊருக்கு மேற்கே செங்காந்தள் மசாலா ஆலை. ஒரு காலத்தில் அந்த அரவைக் கூடத்தில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தவனைப் பெரிய ஆளாகப் பார்ப்பார்கள். கண் எரிந்து, மூக்கு ஒழுகி, இருமி இருமியே ஆட்கள் ஓடிவிடுவார்கள். விஞ்ஞானி மெய்ஞானம் வந்தபிறகுதான் அந்த ஓட்டம் நின்றது.

சூடு, காரம், புகை, தீப்புண்ணின் எரிச்சல். இந்த நான்கையும் மூளைக்குச் சொல்வது நரம்பு முனையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு புரதம். மிளகாயைக் கடித்தால் வாய் தீப்பிடித்ததுபோல் இருப்பது அதனால்தான். ஆலையில் அதற்கு எரிவுணரி என்று பெயர். மெய்ஞானம் தங்கத்தை, சாதாரண நுண்ணோக்கிக்கும் தட்டுப்படாத துகள்களாக்கினார். எரிவுணரியை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் பசையை அவற்றின்மேல் தடவினார். தொழிலாளிகள் அந்தப் பொன்துகளை மூக்கில் ஒரு தூவல் அடித்துக்கொண்டு ஒளிவாசலுக்குள் நிற்பார்கள். கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்பு தோலைத் தாண்டி உள்ளே போகும். சதை அதைக் கண்டுகொள்ளாது. தங்கம் மட்டும் குடிக்கும். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் தகதகவென்று காய்ந்து, அக்கம்பக்கத்துக்குச் சூடு பரவுவதற்குள் ஆறிவிடும். ஆனால் ஒட்டிக்கொண்டிருந்த புரதம் அதற்குள் வெந்துபோகும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாது அல்லவா, அப்படி. நரம்பு சாகாது, வாய் மட்டும் அடைத்துப்போகும். இரண்டு மூன்று நாளில் நரம்பு புதிதாக எரிவுணரியைச் செய்துகொள்ளும். அதனால் தொழிலாளிகளுக்குத் தினமும் ஒளிவாசல்.

அந்த வாசலைப் பொருத்தியவள் தமயந்தி. அதேபோல் இன்னொன்றை ஆந்திராவில் பொருத்திவிட்டு, பங்குனிப் பொங்கலுக்காக வந்திருந்தாள்.

"நீங்க ஆலைக்குள்ள போனீங்களா மதினி? யாராச்சும் மூக்குல மருந்து அடிச்சாங்களா?"

"எனக்கென்ன கிறுக்கா? மிளகா அரைக்கிற எடத்துக்கு நான் எதுக்குப் போறேன்?" புஷ்பகனி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். ஒரு கொப்புளம் உடைந்து துணியில் ஒட்டியது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. "எல்லாம் கண்ணு. கடை நல்லா ஓடுதுல்ல, ஊர்க்கண்ணு பூராவும் எங்க மேல. வெள்ளிக்கிழமை ஒரு கை மிளகாய எடுத்துச் சுத்தி அடுப்புல போட்டேன். நெடியே வரல தமயந்தி! அம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு. எதுத்த வீட்டுலயும் சுத்திப் போட்டிருக்காக. அங்கயும் வரல."

"தெருவுல யாருக்குமே வரலையா?"

"தெருவுக்கே கண்ணுடி."

தமயந்தி டப்பாவிலிருந்து ஒரு பிடி வற்றல் மிளகாயை அள்ளி நேராக நெருப்பில் போட்டாள்.

அடுத்த நொடி அவள் தொண்டையை யாரோ கம்பியால் கிழித்தார்கள். கண்ணீர் கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருவதுபோல் இருமினாள். இருமலுக்கு நடுவே கலங்கிய கண்ணால் பார்த்தாள். புஷ்பகனி அந்தப் புகைக்கு நட்டநடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள். சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. புகை அதன் முகத்தில் போய் மோதியது. குழந்தை விரல் சூப்பிக்கொண்டே சிரித்தது.

"பாத்தியா, கொஞ்சமாச்சும் நெடி இருக்கா?" என்றாள் குழந்தைக்காரி. "பாவம், இவளுக்குத்தான் பயணத்துல சளி பிடிச்சிருக்கு போல."

நூற்றாண்டுகளாக ஊர் கையில் வைத்திருந்த சோதனை அது. மிளகாயைச் சுட்டால் இருமல் வருகிறதா, இல்லையா? வரவில்லை என்பதை ஊர் கண்டுபிடித்தும் விட்டது. கோளாறு நெருப்பில் இல்லை, மூக்கில் இருக்கிறது என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அண்ணன் எங்க மதினி?"

"அக்கினிச்சட்டி எடுக்கப் போயிருக்காரு. வருசா வருசம் எடுக்கிறதுதான? இந்த வருசம் கைக்கு வேப்பிலைகூட வைக்காம வெறுங்கையில எடுக்கிறாராம். அவரு மட்டுமில்ல, தெற்குத்தெரு ஆளுக எல்லாரும். போட்டி போட்டுக்கிட்டு."

தமயந்தி வெளியே பார்த்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. பங்குனியிலேயே நாற்பத்துநாலு பாகை என்று காலையில் அறிவித்திருந்தார்கள்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

ஓடிக்கொண்டே மெய்ஞானத்தை அழைத்தாள். "சார், ஊர்ல யாருக்கும் எரிவுணரி இல்ல."

மறுமுனையில் மெய்ஞானம் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும்னா?"

"என் மதினி கொதிக்கிற எண்ணெய்க்குள்ள கையை விடுறாங்க. கைக்குழந்தை மிளகாய்ப் புகையில சிரிக்குது. பொன்துகள் எப்படி சார் வெளிய வந்துச்சு?"

"தூள்ல கொஞ்சம் விழும்," என்றார் மெய்ஞானம் மெதுவாக. "அரவைக்கூடத்துல ஆளுங்க தும்முவாங்க, மூச்சு விடுவாங்க. காத்துல மிதக்கிறது மாவோட சேர்ந்துரும். பாக்கெட்டுல போய்... சாப்பிட்டா ரத்தத்துல கலக்கும், தாய்ப்பால் வழியா குழந்தைக்கும் போகும். ஆனா ஒளிவாசல் லேசர் விளக்கு இல்லாம அது வெறும் தூசி தமயந்தி. வீட்டுல சமைக்கிறவங்களுக்கு ஏது விளக்கு?"

அப்போதுதான் அவளை உரசிக்கொண்டு நகரப் பேருந்து போனது. ஓட்டுநர் இருக்கை காலி. கூரையில் கறுப்புக் குமிழ் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

தமயந்தி நின்றாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து இன்னொரு அட்டையை உருவினாள். கண்ணுக்குத் தெரியாத லேசர் பட்டால் பச்சையாக மினுக்கும் அட்டை. ஒளிவாசலைச் சோதிக்கத் தினமும் பயன்படுத்துவது.

எதிரே அடுத்த பேருந்து வந்தது. குமிழ் அவள் பக்கம் திரும்பியதும் அட்டை மினுக்கியது. இன்னொரு சுற்று. மறுபடி மினுக்கியது. சாலையோரத்தில் நின்றவர்கள், சைக்கிளில் போனவர்கள், பூ விற்றவள், எல்லார் மேலும் அந்த ஒளி தடவிவிட்டுப் போனது.

"சார், இந்தத் தானோட்டிப் பஸ் எப்ப ஊருக்குள்ள வந்துச்சு?"

"நீ ஆந்திராவுக்குப் போன வாரம்."

"ஆள் நிக்குதா மாடு நிக்குதான்னு லேசரை அடிச்சுத்தான பாக்குது? துடிப்பு எவ்வளவு நேரம்?"

"நம்ம விளக்கு மாதிரியேதான். நிறமும் கிட்டத்தட்ட அதேதான்."

காலையில் ஒரு தட்டு சாம்பாரில் தங்கம். அப்புறம் தெருவில் இறங்கினால் ஒளிவாசல். சுவர் இல்லாத, கதவு இல்லாத, ஊர் அளவுக்கு ஒரு ஒளிவாசல்.

"உடனே நிறுத்தணும் சார். நகராட்சியில சொல்லி எல்லாப் பஸ்ஸையும் நிறுத்துங்க."

"நிறுத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிக்கணும். அவசரப்படாத. நான் சொல்றத முழுசா..."

உறுமிச் சத்தம் நெருங்கிவிட்டது. தமயந்தி அழைப்பைத் துண்டித்தாள்.

கோயில் வீதி மஞ்சளும் சிவப்புமாகப் பொங்கியது. ஆயிரக்கணக்கில் சனம். நெய், வேப்பிலை, சாம்பிராணி எல்லாம் கலந்த மணம். அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. அது என்னவென்று யோசிக்க அவள் விரும்பவில்லை.

வருடா வருடம் இந்த வீதியில் இரண்டு பக்கமும் குடத்தோடு பெண்கள் நிற்பார்கள். சட்டி எடுத்து வருகிறவர்களின் காலடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தாரின் சூடு தாங்காமல் பக்தர்கள் அதில் தத்தித் தத்தி நடப்பார்கள். இந்த வருடம் ஒரு குடம்கூட இல்லை. கேட்க ஆளில்லை, அதனால் ஊற்றவும் ஆளில்லை. இளகிப் பளபளத்த தார்மேல் வெறுங்காலோடு சனம் நிதானமாக, அழகாக நடந்தது. ஒருவர்கூடத் தத்தவில்லை.

அதுதான் தமயந்தியை உலுக்கிவிட்டது. அந்த நிதானம்.

கூட்டத்தை இடித்துப் பிளந்துகொண்டு போனாள். சட்டிகள் வரிசையாக வந்தன. எப்போதும் கையளவு கங்கு இருக்கும் சட்டிகளில் இன்று கட்டை கட்டையாகத் தீ. சுடாத கை, இன்னும் போடு இன்னும் போடு என்று கேட்டிருக்கிறது. மூன்றாவது ஆளாக வந்தான் குணாளன்.

தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு இருக்கும் ஒரே கூடப்பிறப்பு. நல்ல உடம்பு. கரகரத்த குரல். இரண்டு உள்ளங்கைகளிலும் தழல் எரியும் மண்சட்டியைத் தாங்கி, ஏதோ தாம்பாளம் ஏந்தி வருகிறவன்போல வந்தான்.

"அண்ணே, எறக்கி வை!"

"ஏ தமி! வந்துட்டியா?" அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். உதடு வெடித்திருந்தது. "பாரு பாப்பா, சூடே தெரியல. ஆத்தா எறங்கிட்டா. இருபது வருசமா எடுக்கிறேன், இப்படி ஒரு வருசம் இருந்ததில்ல."

அவன் நெற்றியைப் பார்த்தாள். ஒரு துளி வியர்வை இல்லை. காய்ந்த சுவர்போல் இருந்தது. இந்த வெயிலில், இந்தத் தீயில்! 'சுடுகிறது' என்று தோல் சொன்னால்தானே உடம்பு வியர்க்கும், நிழல் தேடும், தண்ணீர் கேட்கும்? அந்தத் தந்தி அறுந்துபோயிருந்தது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது, ஆளுக்குத் தெரியவில்லை. எட்டி அவன் கழுத்தைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இது ஆத்தா இல்ல. ஒனக்குக் காய்ச்சல் கொதிக்குது. வச்சுரு, காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

"என்ன பேச்சு பேசுற சாமி சன்னதியில?" குணாளனின் கண்கள் நிலைகுத்தத் தொடங்கியிருந்தன. "தள்ளு... கோயில்... இந்தா தெரியுது..."

அவன் நாக்கு குழறியது. தமயந்தி யோசிக்கவில்லை. சட்டியை அடித்துத் தட்டிவிட்டாள்.

அது உடைந்து தழல் வீதியில் சிதறியது. உறுமி நின்றது. "ஏய்! சட்டியத் தட்டிவிட்டாடா!" நாலைந்து பேர் அவள் கையைப் பிடித்து முறுக்கினார்கள். ஒருவன் தலைமுடியைப் பிடித்தான். சிதறிய கங்குகளின்மேல் நின்றுகொண்டுதான் அவர்கள் அவளைப் பிடித்திருந்தார்கள்.

"காலைத் தூக்கிப் பாருங்க!" என்று கத்தினாள் தமயந்தி. "என்னைய அப்புறம் அடிங்க. ஒரே ஒரு தடவ, ஒங்க காலைத் தூக்கிப் பாருங்க!"

முடியைப் பிடித்திருந்தவன் எரிச்சலோடு வலது காலைத் தூக்கினான். கால் வந்தது. பாதத்தின் தோல் வரவில்லை. அது தாரோடு ஒட்டிக்கொண்டு, சின்னக் குழந்தையின் சாக்ஸைப்போல அங்கேயே கிடந்தது.

அவன் அதையே பார்த்தான். பிறகு தன் உள்ளங்காலைப் பார்த்தான். வலியில்லாமல், சும்மா பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்தது அலறல் அல்ல. மாடு முனகுவதுபோல் ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவள் தன் காலைத் தூக்கினாள். அடுத்தவன். அதற்கடுத்தவன். வீதி முழுக்கக் கொக்குபோல் ஒற்றைக்காலில் நின்று தன்னைத்தானே பார்த்துக்கொண்டது.

குணாளன் மரம்போல் சரிந்தான்.

பின்னாலேயே ஓடிவந்த புஷ்பகனி அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். பானகப் பந்தலிலிருந்து தண்ணீரும் ஐஸ் கட்டியும் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு ஆட்டோவில் அவனை ஏற்றினார்கள். அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபிறகுதான் தமயந்தி விலகி நின்றாள்.

ஆட்டோ போனதும் கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது. "என்னம்மா இது? எங்களுக்கு என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். மிளகாய்த்தூளைச் சொன்னாள். பொன்துகளைச் சொன்னாள். முனையில் நின்ற பேருந்தின் முன்னால் அட்டையைப் பிடித்து, அது மினுக்கி மினுக்கி அடங்குவதைக் காட்டினாள். எல்லாக் கைகளிலும் செல்பேசி. எல்லாம் படம் பிடித்தன. முதல் கல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பேருந்தின் ஒளிக்கண் தெறித்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒரு பேருந்துக்கும் கண் மிஞ்சவில்லை. அதன்பிறகு கூட்டம் ஆலைக்குப் போனது. தமயந்திதான் முன்னால் நடந்தாள். அவளுடைய அட்டைக்குத்தான் கதவு திறந்தது.

படியில் மெய்ஞானம் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கோட்டு, கலைந்த தலை. "ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க! விளக்கைத் தொடாதீங்க! தமயந்தி, நீயாவது சொல்றதக் கேளு—"

"ஒங்களைக் கேட்டுக்கேட்டுத்தான் சார் ஊரு இப்படிக் கெடக்கு," என்றாள் அவள். யாரோ அவரைத் தள்ளிவிட்டார்கள். நெற்றி படியில் மோதியது.

ஒளிவாசலுக்கு முன்னால் தொழிலாளிகள் கைகோத்து நின்றார்கள். அவர்கள் உடைக்க வரவில்லை, மறிக்க நின்றார்கள். அதில் சுடலைக்கண்ணு என்ற மூட்டை தூக்குகிறவர் ஒரு விளக்கைக் குழந்தையைப்போல் கட்டிப்பிடித்திருந்தார். தாட்டியான மனிதர். அழுதுகொண்டிருந்தார்.

"வேண்டாம் தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும். இது இல்லாம எங்களால இருக்க முடியாது."

"வேற வேலை கெடைக்கும்ணே. நாங்க வாங்கித் தர்றோம்."

"வேலையச் சொல்லல தாயி..."

"மொதலாளி கைக்கூலி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கம்பி ஒன்று அவர் தலைக்கு மேலே பாய்ந்து விளக்கில் இறங்கியது.

தமயந்தி எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவள். கிடங்கைத் திறந்து உதிரி விளக்குகள் இருக்கும் பெட்டிகளையும் அவளே காட்டினாள். ஒவ்வொன்றையும் உடைத்தபிறகு அட்டையைப் பிடித்துப் பார்த்தாள். எதுவும் மினுக்கவில்லை. கூட்டம் அவளைத் தோளில் தூக்கியது.

அதற்கடுத்த நாள் ஊர் அமைதியாக இருந்தது. அதற்கும் அடுத்த நாள் காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வெளியே மேற்கிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. நீண்டு, நடுங்கி, நிற்காமல். திருவிழாவை நிறுத்தியபிறகும் எந்தத் தெருவில் குலவை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள்.

வார்டு நிரம்பி வழிந்தது. கட்டிலில், தரையில், வராந்தாவில் எல்லாம் கட்டுப்போட்ட கால்கள், கட்டுப்போட்ட கைகள். ஆனால் ஒரு முனகல் இல்லை. நாலு பேர் சீட்டு விளையாடினார்கள். ஒரு கிழவர் ரேடியோவோடு சேர்ந்து பாடினார். உள்ளங்காலே இல்லாத ஒரு பெண், பக்கத்துக் கட்டில்காரியைக் கிண்டல் செய்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இத்தனை வெந்த உடம்புகளுக்கு நடுவே அந்தச் சிரிப்பு கேட்கச் சகிக்கவில்லை. டாக்டர் சகாயமேரி நடைபாதையில் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தீக்காய வார்டைப் பாத்ததில்லைங்க," என்றார். "ஒருத்தர்கூட வலிக்கு ஊசி கேக்கல."

குணாளன் தலையணையில் சாய்ந்து, புஷ்பகனி ஊட்டிய இட்லியைத் தின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் பந்துபோல் கட்டு. காலில் முழங்கால் வரை கட்டு. புஷ்பகனிக்கும் வலது கையில் கட்டு. இடது கையால் ஊட்டினாள்.

"வா பாப்பா. ஒங்க மதினி இட்லி நல்லாத்தான் இருக்கு. கையில கட்டுப் போட்டப்புறம்தான் இவளுக்குச் சமையலே வருது."

"வாயில போடுறதுக்குப் பதிலா மூக்குல போட்டுருவேன் பாத்துக்கங்க," என்றாள் புஷ்பகனி.

தமயந்தி சிரித்தாள். அண்ணன் பிழைத்துவிட்டான். காய்ச்சல் இறங்கிவிட்டது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இங்க எறும்பு இருக்கா?" குணாளன் காலை லேசாக அசைத்தான். "கட்டுக்குள்ள என்னமோ சுள்ளு சுள்ளுனு கடிக்குது."

தமயந்தி துள்ளி எழுந்தாள். "மதினி! அண்ணனுக்கு வந்துருச்சு! உணர்ச்சி வருது! நரம்பு திரும்பச் செய்ய ஆரம்பிச்சிருச்சு!" அவள் குணாளனின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். "இனிமே ஒனக்குச் சுடும்ணே. நல்லாச் சுடும்!"

"சுடட்டும், சுடட்டும். தமயந்தி சொன்னாச் சரிதான்," என்றான் குணாளன்.

வாசலில் யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெய்ஞானம். நெற்றியில் கட்டு. சட்டையெல்லாம் புழுதி. ஓடி வந்திருந்தார்.

"தமயந்தி," என்றார். "ஒரே ஒரு விளக்காவது மிச்சம் இருக்கா?"

"இல்ல சார். நானே பாத்துப் பாத்துத்தான் உடைச்சேன்."

"கிடங்குல? பஸ் டிப்போவுல?"

"எங்கயும் இல்ல."

"ஆந்திராவுலயும் இல்ல. உன் வீடியோவைப் பாத்துட்டு நேத்தே உடைச்சுட்டாங்க." அவர் கதவோரமாகவே சரிந்து தரையில் உட்கார்ந்தார். "எல்லா ஊருக்கும் போன் பண்ணிட்டேன். புதுசா செய்ய மூணு வாரம் ஆகும்."

"எதுக்கு சார் விளக்கு? அதான் எல்லாருக்கும் திரும்ப வருதே. இந்தா, அண்ணனுக்கு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

மெய்ஞானம் குணாளனைப் பார்த்தார். பிறகு வார்டை, கட்டில் கட்டிலாக, கடைசி வரை பார்த்தார்.

"மேக்கால சத்தம் கேக்குதா?"

"குலவை."

"தொழிலாளர் குடியிருப்பு. விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. அவங்களுக்குத்தான் முதல்ல வரும்."

சீட்டு விளையாடியவர்களில் ஒருவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

"தினம் தினம் நாம அந்தப் புரதத்தை வேக வைக்கிறோம்," என்றார் மெய்ஞானம். "நரம்பு சும்மா இருக்குமா? ஒண்ணு போச்சுன்னா ரெண்டு செய்யும். ரெண்டு போச்சுன்னா நாலு. அவங்களுக்கு வருஷக்கணக்கா, ஊருக்கு மூணு மாசமா செஞ்சு செஞ்சு அடுக்கி வச்சிருக்கும். விளக்கு எரியற வரைக்கும் தெரியாது. நிறுத்தினா எல்லாம் ஒண்ணா முழிச்சுக்கும். பழைய அளவுக்குத் திரும்பாது தமயந்தி. பத்து மடங்கு."

"அறிக்கையில அப்படி இல்லையே! திரும்ப வளரும்னுதான எழுதியிருந்தீங்க?"

"வளரும்னு எழுதினேன். எவ்வளவுன்னு யாரும் கேக்கல."

"பாப்பா... என்னமோ எரியுது," என்றான் குணாளன். சிரிப்பு அவன் முகத்திலேயே பாதியில் நின்றிருந்தது. "தமி, தண்ணி ஊத்து."

டாக்டர் சகாயமேரி உள்ளே வந்திருந்தார். கடைசிக் கட்டிலில் பாடிக்கொண்டிருந்த கிழவர் பாட்டை நிறுத்தினார். ரேடியோ மட்டும் பாடியது.

"மயக்க ஊசி போடுங்க டாக்டர், எல்லாருக்கும்!" என்றாள் தமயந்தி.

"ஊருக்கே போட மருந்து எங்கம்மா இருக்கு?"

தமயந்தி மெய்ஞானத்தின் சட்டையைப் பிடித்தாள். "ஒங்களுக்கு எப்படி சார் தெரியும், பத்து மடங்குன்னு? யாருக்கு வந்துச்சு?"

"முதல் வருஷம். முத்துராக்குன்னு ஒருத்தன். பொண்ணு கல்யாணத்துக்கு லீவு போட்டு ஊருக்குப் போனான். ஒளிவாசல் இல்லாம நாலு நாள். அஞ்சாம் நாள் ஆலை வாசல்ல தவழ்ந்து வந்து கெடந்தான். உடம்புல துணி இல்ல. துணி பட்டா எரியுதாம். காத்து பட்டா எரியுதாம். சொந்த எச்சிலை முழுங்க முடியாம அலறினான். தூக்கிட்டுப் போய் விளக்குக்குள்ள போட்டப்புறம்தான் அடங்கினான். அதுக்கப்புறம் எந்தத் தொழிலாளியும் சேர்ந்தாப்புல ரெண்டு நாள் லீவு கேட்டதில்ல. எல்லாரும் அதை உழைப்புன்னு நெனச்சாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

குணாளனின் கட்டில் ஆடத் தொடங்கியது. புஷ்பகனி தன் கட்டுப்போட்ட கையை வெறித்துப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"அவனுக்கு எந்த அளவுக்குக் காயம் சார்?" என்று கேட்டாள் தமயந்தி. "முத்துராக்குக்கு?"

மெய்ஞானம் வார்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் உடம்புல ஒரு கீறல்கூட இல்லம்மா."